சட்டமன்ற உரிமை மீறலும் இதழியலும் (இந்தியா)

சட்டமன்ற உரிமை மீறல் என்பது, நாடாளுமன்றம் அல்லது மாநிலச் சட்டமன்றத்தின் பணிக்கு இடையூறு செய்வதாகவோ, அதன் மாண்பைக் குலைப்பதாகவோ அந்த அவையே கருதும் செயலைக் குறிக்கும். இவ்வாறு கருதப்படும் செயலைச் செய்தவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதில்லை. செய்தியாளர், ஆசிரியர், வெளியீட்டாளர், கேலிச்சித்திரம் வரைபவர், துண்டறிக்கை அச்சிட்டவர் என யாரையும் அவை தன் முன் அழைத்துக் கண்டிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். இந்தியாவில் பத்திரிகைகள் தொடர்பான பிற சட்டங்களுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, அரசு இரகசியம் ஆகியவற்றில் எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளது. உரிமை மீறலில் அவ்வாறு எழுதப்பட்ட வரையறை இல்லை. குற்றம் சாட்டுவதும், விசாரிப்பதும், தீர்ப்பளிப்பதும் ஒரே அவையாகும்.

இக்கட்டுரை இதழியலைத் தொடும் பகுதிகளை மட்டுமே விளக்குகிறது. உறுப்பினர்களுக்கு இடையிலான உரிமைப் பிரச்சினைகள், இடைநீக்கம், கட்சித் தாவல் ஆகியவை தேவையான இடங்களில் மட்டும் குறிப்பிடப்படுகின்றன.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் 105 ஆவது உறுப்பு நாடாளுமன்றத்தின் உரிமைகளையும், 194 ஆவது உறுப்பு மாநிலச் சட்டமன்றங்களின் உரிமைகளையும் கூறுகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே வாசகம் கொண்டவை. 194 ஆவது உறுப்பின் முதல் கூறு, சட்டமன்றத்தில் பேச்சுரிமை உண்டு என்கிறது. இரண்டாம் கூறின்படி, அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ ஓர் உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க இயலாது. அவையின் அதிகாரத்தின் கீழ் வெளியிடப்படும் அறிக்கைகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

சிக்கல் மூன்றாம் கூறில் உள்ளது. அவையின் பிற அதிகாரங்களும் உரிமைகளும் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் அவ்வப்போது வரையறுக்கப்படும் என்றும், அவ்வாறு வரையறுக்கப்படும் வரை, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளில் பிரித்தானிய மக்களவைக்கு இருந்த உரிமைகளே இவற்றுக்கும் உரியன என்றும் அது கூறியது. 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தம் பிரித்தானிய மக்களவை என்ற பெயரை நீக்கியது. ஆனால் திருத்தத்திற்கு முன் இருந்த உரிமைகள் தொடரும் என்று எழுதப்பட்டதால், பெயர் மறைந்ததே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. "வரையறுக்கப்படும் வரை" என்பது ஒரு தற்காலிக ஏற்பாடாகவே எழுதப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தற்காலிக ஏற்பாடே நடைமுறையில் உள்ளது. ஒரு நிரலில் முன்னிருப்பு மதிப்பை யாரும் மாற்றாமல் விட்டுவிடுவதைப் போன்றது இது.

இதன் விளைவாக, சென்னையிலோ பாட்னாவிலோ உள்ள ஒரு செய்தியாளர் தான் எழுதியது குற்றமா என்று அறிய விரும்பினால், பிரித்தானிய மக்களவை கடந்த காலத்தில் என்ன செய்தது என்பதைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை உருவானது.

உரிமை மீறலாகக் கருதப்படுபவை

முழுமையான பட்டியல் ஏதும் இல்லை. எனினும் கடந்த கால நிகழ்வுகளிலிருந்து சிலவற்றை அறியலாம். அவை நடவடிக்கைகளைத் திரித்து வெளியிடுதல், அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பகுதியை வெளியிடுதல், இரகசிய அமர்வில் நடந்தவற்றை வெளியிடுதல், குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படுவதற்கு முன் அதனை வெளியிடுதல், பேரவைத் தலைவரின் நடுநிலைமையை ஐயுற்று எழுதுதல், உறுப்பினர் என்ற முறையில் அவர் ஆற்றும் பணி குறித்து இழிவாக எழுதுதல் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

கடைசி இரண்டிலும் எல்லைக் கோடு மங்கலானது. உறுப்பினர் ஒருவரின் தனிப்பட்ட வணிகத்தைப் பற்றி எழுதினால் அது அவதூறாகலாம், உரிமை மீறலாகாது. அதே உறுப்பினர் அவையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எழுதினால் உரிமை மீறல் கேள்வி எழலாம். கண்டனத்திற்கும் இழிவுக்கும் உள்ள வேறுபாட்டை முடிவு செய்பவர்கள் கண்டிக்கப்பட்டவர்களே என்பதை மறக்கலாகாது.

நடைமுறை

உறுப்பினர் ஒருவர் பேரவைத் தலைவரிடம் அறிவிப்புக் கொடுப்பதில் இது தொடங்கும். தலைவர் இசைவளித்தால் அப்பிரச்சினை அவையில் எழுப்பப்பட்டு, பெரும்பாலும் உரிமைக் குழுவுக்கு அனுப்பப்படும். குழு சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கும். நேரில் வரச் சொல்லலாம். பின்னர் குழு தன் பரிந்துரையை அவையில் வைக்கும். அவை தீர்மானம் நிறைவேற்றும். எச்சரிக்கை, கண்டனம், அவைக்கு அழைத்துக் கண்டித்தல், செய்தியாளர் அனுமதிச் சீட்டைத் திரும்பப் பெறுதல், சிறை ஆகியன வழங்கப்படக்கூடிய தண்டனைகள். அவை விதிக்கும் சிறைத் தண்டனை, கூட்டத்தொடர் இறுதி செய்யப்பட்டவுடன் முடிவுக்கு வரும் என்பது பிரித்தானிய மரபிலிருந்து வந்த விதியாகும்.

பெரும்பாலான பிரச்சினைகள் தண்டனை வரை செல்வதில்லை. ஆசிரியர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தால் முடித்து வைக்கப்படுவதே வழக்கம். ஆகவே இந்த அதிகாரத்தின் அளவைச் சிறைக்குச் சென்றவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் கணிக்க இயலாது. வருத்தம் தெரிவித்தவர்களையும், எழுதாமல் விட்டவர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தோடு ஒப்பிடுவது பயனுள்ளது. 1971 ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் அவமதிப்பு என்னவென்று வரையறை உண்டு. உச்ச அளவுத் தண்டனை ஆறு மாதச் சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பொது நலன் கருதி நல்லெண்ணத்துடன் கூறப்பட்ட உண்மையை எதிர்வாதமாக ஏற்க நீதிமன்றத்திற்கு வழி செய்யப்பட்டது. உரிமை மீறலில் உச்ச அளவும் இல்லை, உண்மை என்ற எதிர்வாதமும் எழுத்தில் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

முக்கிய வழக்குகள்

பிளிட்ஸ் (1952)

பம்பாயிலிருந்து வெளிவந்த பிளிட்ஸ் வார இதழில், உத்தரப் பிரதேசச் சட்டப் பேரவைத் தலைவரைக் குறித்து வந்த செய்திக்காக அவ்விதழின் பொறுப்பாசிரியர் ஹோமி மிஸ்திரி பம்பாயில் கைது செய்யப்பட்டு லக்னோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியலமைப்பு விதி பின்பற்றப்படவில்லை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 1952 இல் அவரை விடுவித்தது. இது பத்திரிகைகளுக்கு நம்பிக்கையளித்த தீர்ப்பாக இருந்தது. எனினும் அந்த நம்பிக்கை ஏழாண்டு கூட நீடிக்கவில்லை.

சர்ச்லைட் (1959)

பாட்னாவிலிருந்து வெளிவந்த சர்ச்லைட் நாளேடு, 1957 மே மாதம் பீகார் சட்டப் பேரவையில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரையை முழுமையாக வெளியிட்டது. அவ்வுரை மாநில அரசின் தலைமையைக் கடுமையாகத் தாக்கியது. அதன் ஒரு பகுதியை நீக்குமாறு பேரவைத் தலைவர் ஆணையிட்டிருந்தார். நாளேட்டின் ஆசிரியர் எம். எஸ். எம். சர்மாவுக்கு உரிமைக் குழு அறிவிப்பு அனுப்பியது. அக்குழுவின் தலைவராக இருந்தவர் முதலமைச்சர் ஸ்ரீ கிருஷ்ண சின்ஹா. வழக்கின் பெயரிலேயே அவர் எதிர்த்தரப்பாக இடம்பெற்றார்.

பேச்சுரிமையை உறுதி செய்யும் 19(1)(அ) உறுப்பு மேலானதா, அவை உரிமையைக் கூறும் 194(3) மேலானதா என்பதே கேள்வி. தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையிலான ஐவர் அமர்வில் நால்வர் 194(3) உறுப்பே மேலோங்கும் என்றனர். நீக்கப்பட்ட பகுதி சட்டத்தின் பார்வையில் பேசப்படாததற்குச் சமம். எனவே அதனை வெளியிடுவது உண்மைச் செய்தியாகாது என்பது அவர்களது முடிவு. பிளிட்ஸ் தீர்ப்பு எதிர்த்தரப்பின் ஒப்புதலின் பேரில் அமைந்ததால் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் கூறினர். நீதிபதி கே. சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். அடிப்படை உரிமையைப் பாதிக்கும் அளவுக்குத் தற்காலிக ஏற்பாடு ஒன்று மேலோங்க முடியாது என்பது அவரது கருத்தாகும்.

இத்தீர்ப்பில் உள்ள ஒரு கூற்று பின்னாளில் பெரும் விளைவை ஏற்படுத்தியது. சட்டமன்றம் தன் உரிமைகளை வரையறுத்துச் சட்டம் இயற்றினால், அச்சட்டம் மற்ற எந்தச் சட்டத்தையும் போல அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதாகும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அதாவது எழுதப்படாத உரிமைக்கு இருக்கும் வலிமை எழுதப்பட்டவுடன் குறைந்துவிடும். எந்த அவை தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ள முன்வரும்? சட்டம் இயற்றப்படாமல் இருப்பதற்கான காரணத்தை இங்கேயே தேடலாம்.

கேசவ் சிங் (1964-65)

கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மீது ஊழல் குற்றம் சாட்டித் துண்டறிக்கை வெளியிட்டவர்களுள் ஒருவர். 1964 மார்ச்சில் உத்தரப் பிரதேசப் பேரவை அவரை வரவழைத்துக் கண்டித்தது. கண்டனத்தின்போது பேரவைத் தலைவருக்கு முதுகைக் காட்டி நின்றதற்காகவும், பேரவைத் தலைவருக்கு எழுதிய கடிதத்திற்காகவும் அவருக்கு ஏழு நாள் சிறை விதிக்கப்பட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அவருக்குப் பிணை வழங்கினர்.

இதனைத் தொடர்ந்து நடந்தது இந்திய அரசியலமைப்பு வரலாற்றில் வேறெங்கும் காணாதது. பிணை வழங்கிய இரு நீதிபதிகளையும், வாதாடிய வழக்கறிஞரையும், கேசவ் சிங்கையும் காவலில் எடுத்துத் தன் முன் நிறுத்துமாறு பேரவை தீர்மானித்தது. நீதிபதிகள் தம் சொந்த நீதிமன்றத்திலேயே மனுத் தாக்கல் செய்தனர். 28 நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு கூடித் தீர்மானத்திற்குத் தடை விதித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1964 செப்டம்பரில் ஏழு நீதிபதிகளில் அறுவர், நீதிபதிகள் அவை உரிமை மீறல் எதனையும் செய்யவில்லை என்றும், அவை பிறப்பித்த சிறை ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் கருத்துரைத்தனர். உயிர் வாழும் உரிமையையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21 ஆவது உறுப்பு அவைக்கும் பொருந்தும் என்றனர். ஆனால் 19(1)(அ) குறித்த சர்ச்லைட் முடிவை அவர்கள் மாற்றவில்லை.

கேசவ் சிங்கின் கதை இங்கு முடியவில்லை. 1965 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. இரு அமைப்புகளின் மோதலுக்குக் காரணமான அவர், எஞ்சிய தண்டனையை அனுபவிக்க வேண்டியதாயிற்று.

அவைச் செய்திகளை வெளியிடும் உரிமை

அவையில் பேசப்பட்டதை அப்படியே வெளியிட்டாலும், பேச்சில் உள்ள அவதூறுக்காக நாளேட்டின் மீது வழக்குத் தொடரலாம் என்ற நிலை தொடக்கத்தில் இருந்தது. உறுப்பினருக்கு உள்ள பாதுகாப்பு பத்திரிகைக்கு இல்லை. இதனை மாற்ற பெரோஸ் காந்தி தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அதுவே 1956 ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நடவடிக்கைகள் (வெளியீட்டுப் பாதுகாப்பு) சட்டமாயிற்று. நெருக்கடி நிலையின்போது, அவரது மனைவி இந்திரா காந்தியின் அரசு அதனை நீக்கியது. 1977 இல் ஜனதா அரசு மீண்டும் சட்டமாக்கியது. 1978 இல் 44 ஆவது திருத்தம் 361அ உறுப்பைச் சேர்த்து, இப்பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே இடம்பெறச் செய்ததுடன் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் விரிவாக்கியது.

361அ உறுப்பின்படி, அவை நடவடிக்கைகளைக் கணிசமான அளவில் உண்மையாக வெளியிடும் செய்திக்கு உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர இயலாது. தீய நோக்கத்துடன் வெளியிடப்பட்டது என நிறுவப்பட்டால் இப்பாதுகாப்பு இல்லை. இரகசிய அமர்வுகளுக்கும் இது பொருந்தாது. செய்தி முகமைகளின் அறிக்கைகளும் வானொலி வழியான வெளியீடும் இதில் அடங்கும்.

இதழியல் மாணவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இவ்வுறுப்பின் வாசகத்தில் உள்ளது. அது "எந்த நீதிமன்றத்திலும்" எடுக்கப்படும் நடவடிக்கையிலிருந்தே காக்கிறது. அவை தானே எடுக்கும் உரிமை மீறல் நடவடிக்கையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அவதூறு வழக்கிலிருந்து முழுமையாகத் தப்பிய ஒரு செய்தி, உரிமைக் குழுவின் முன் நிற்க நேரலாம்.

அவையில் நடந்தது எது என்பதற்கும் எல்லை உண்டு. மேற்கு வங்கச் சட்டமன்ற உறுப்பினர் ஜதீஷ் சந்திர கோஷ், பேரவைத் தலைவர் அனுமதி மறுத்த தம் கேள்விகளை ஓர் உள்ளூர் இதழில் வெளியிட்டார். அவர் மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. 1961 இல் உச்ச நீதிமன்றம், இவ்வெளியீட்டுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. உறுப்பினருக்கே இந்நிலை என்றால், அனுமதி மறுக்கப்பட்ட கேள்வியை அவரிடமிருந்து பெற்று வெளியிடும் செய்தியாளரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில்

உரிமை மீறல் அதிகாரத்தை இதழ்கள் மீது அடிக்கடி பயன்படுத்திய அவைகளுள் தமிழ்நாடு சட்டப் பேரவையும் ஒன்று. ஆட்சியில் இருந்தவர்கள் மாறியபோதும் இது தொடர்ந்தது.

1987 மார்ச் மாத இறுதியில் ஆனந்த விகடன் தன் அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரத்தை வெளியிட்டது. மேடையில் அமர்ந்திருப்பவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று இருவர் பேசிக்கொள்வதாக அமைந்த அச்சித்திரம், அவர்களைத் திருடர்களோடு ஒப்பிட்டது. எந்த உறுப்பினரின் பெயரும் அதில் இல்லை. பி. எச். பாண்டியன் பேரவைத் தலைவராக இருந்த அவை, 1987 ஏப்ரல் 4 அன்று ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அன்றே அவர் சிறையில் அடைக்கப்பட்டார். இந்திய அளவில் எதிர்ப்பு எழுந்தது. ஓரிரு நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார்.

அவர் அத்துடன் விடவில்லை. தம்மைச் சிறையிட்டது சட்டப்படி செல்லாது என்று அறிவிக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 1994 இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. தொகை அடையாளத்திற்கானதே. எழுதப்படாத ஓர் அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று ஒரு நீதிமன்றம் எழுத்தில் பதிவு செய்ததே வெற்றியாகும்.

1992 இல் முரசொலி ஆசிரியர் செல்வம் பேரவைக்கு அழைக்கப்பட்டு, அதற்கெனச் செய்யப்பட்ட கூண்டில் நிறுத்திக் கண்டிக்கப்பட்டார். அதே ஆண்டில் தி இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா இதழில் தமிழ்நாடு சட்டப் பேரவையைப் பற்றி எழுதிய கே. பி. சுனிலுக்கு எதிராகவும் கைது ஆணை பிறப்பிக்கப்பட்டது.

2003 ஆம் ஆண்டு நிகழ்வு இவை எல்லாவற்றினும் பரவலாக அறியப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் தி இந்து நாளேடு, முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அவையில் ஆற்றிய உரைகளைப் பற்றிய செய்திகளை வெளியிட்டது. அவர் பேசியதாகக் குறிப்பிட்ட செய்திகள் பொய் என்பதைவிட, அவர் பேசிய விதத்தை விவரிக்கப் பயன்படுத்திய அடைமொழிகளும் வினைச்சொற்களுமே பிரச்சினையாயின. உரிமைக் குழுவுக்கு அனுப்பப்பட்டதைக் கண்டித்து அந்நாளேடு ஒரு தலையங்கம் எழுதியது. அத்தலையங்கமும் உரிமை மீறலாகக் கொள்ளப்பட்டது. அதன் தமிழாக்கத்தை வெளியிட்ட முரசொலியும் சேர்க்கப்பட்டது.

2003 நவம்பர் 7 அன்று கா. காளிமுத்து தலைமையிலான அவை, தி இந்துவின் ஆசிரியர் என். ரவி, நிர்வாக ஆசிரியர் மாலினி பார்த்தசாரதி, வெளியீட்டாளர் எஸ். ரங்கராஜன், மூத்த செய்தியாளர்கள் வி. ஜெயந்த், ராதா வெங்கடேசன் ஆகிய ஐவருக்கும், முரசொலி ஆசிரியர் செல்வத்திற்கும் 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. அன்றே காவல் துறையினர் அண்ணா சாலையில் உள்ள தி இந்து அலுவலகத்திற்குச் சென்றனர். தண்டிக்கப்பட்டவர்கள் அங்கு இல்லை. நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை. பேச்சுரிமைக்கும் 194(3) உறுப்புக்கும் இடையிலான பழைய கேள்வி, இவ்வழக்கின் வழியாகக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது.

ஒரு செய்தியில் "கூறினார்" என்று எழுதுவதா "சீறினார்" என்று எழுதுவதா என்பது செய்தி ஆசிரியரின் மேசையில் நாள்தோறும் எழும் கேள்வி. அக்கேள்விக்கு 15 நாள் சிறை ஒரு விடையாக இருக்க முடியுமா என்பதே இவ்வழக்கின் சாரமாகும்.

பிற்காலத் தீர்ப்புகள்

2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் பெற்றதாக மறைமுக ஒளிப்பதிவு மூலம் ஊடகத்தில் அம்பலமான 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர். அவர்கள் தொடுத்த ராஜா ராம் பால் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் நீக்கத்தை ஏற்றது. எனினும் அவை தன் உரிமையைப் பயன்படுத்தும் விதம் அடிப்படை உரிமைகளை மீறினால், அல்லது கடுமையான சட்ட மீறல் இருந்தால், நீதிமன்றம் தலையிடலாம் என்று தெளிவாக்கியது. நடைமுறைப் பிழைகளை மட்டும் ஆராய இயலாது என்பதும் உறுதி செய்யப்பட்டது.

2016 இல், தமிழ்நாடு சட்டப் பேரவையில் தே.மு.தி.க. உறுப்பினர் அறுவர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்திய ஒளிப்பதிவை அவர்களுக்குக் காட்டி விளக்கம் பெறாதது இயற்கை நீதிக்கு முரணானது என்பதே காரணம். இது உறுப்பினர்கள் தொடர்பான வழக்கு என்றாலும், சான்றைக் காட்டாமல் தண்டிக்க இயலாது என்ற கருத்து செய்தியாளர்களுக்கும் பயன்படக்கூடியது.

இத்தீர்ப்புகளுக்குப் பின்னரும் அதிகாரம் பயன்படுத்தப்படாமல் இல்லை. 2017 ஜூனில் கர்நாடகச் சட்டப் பேரவை, ஹாய் பெங்களூர் இதழின் ரவி பெளகெரேக்கும், யலகங்கா வாய்ஸ் இதழின் அனில் ராஜூக்கும் ஓராண்டுச் சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது.

செய்தி சேகரிப்பில் எழும் கேள்விகள்

நீக்கப்பட்ட சொற்களே செய்தியாளர் அதிகம் எதிர்கொள்ளும் சிக்கல். பேரவைத் தலைவர் ஒரு சொல்லை நீக்க உடனே ஆணையிடலாம், பின்னரும் ஆணையிடலாம். நாளேடு இரவில் அச்சாகும் காலத்தில் எது நீக்கப்பட்டது என்பதை மாலைக்குள் அறிய இயன்றது. நேரலையில் அந்த இடைவெளி இல்லை. தமிழ்நாடு சட்டப் பேரவையின் கேள்வி நேரம் 2022 முதல் நேரலையில் ஒளிபரப்பப்பட்டது. இலட்சக்கணக்கானோர் கேட்டுவிட்ட ஒரு சொல், பின்னர் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டால் சட்டத்தின் பார்வையில் பேசப்படாததாகிறது. சர்ச்லைட் தீர்ப்பு எழுதப்பட்ட காலத்தில் எவரும் எண்ணிப் பார்த்திராத நிலை இது. நீக்கப்பட்டது என்று அறிந்த பின் அச்சொல்லை மீண்டும் வெளியிடாமல் இருப்பதும், "சில சொற்கள் நீக்கப்பட்டன" என்று மட்டும் குறிப்பிடுவதும் செய்தி அறைகளில் பின்பற்றப்படும் முறையாகும்.

குழு அறிக்கைகள் அடுத்த இடர். கணக்குக் குழு போன்றவற்றின் வரைவு அறிக்கை கைக்குக் கிடைத்தால், அவையில் வைக்கப்படும் வரை காத்திருப்பதா என்ற கேள்வி எழும். பொது நலன் இருக்கிறது என்பது நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய வாதம்; உரிமைக் குழுவில் அதற்கு உறுதியில்லை.

அறிவிப்பு வந்தால் அதற்கு விடையளிக்காமல் இருப்பது ஆபத்தானது. வராமல் இருத்தலே தனி அவமதிப்பாகக் கொள்ளப்படலாம். குறிப்பேடு, ஒலிப்பதிவு, அன்றைய அவைக் குறிப்பின் படி ஆகியவற்றைக் காத்து வைத்திருப்பவர் செய்தி உண்மையானது என்பதையாவது காட்ட இயலும். கட்டுரையாளர் ஒருவர் என்றாலும், ஆசிரியர், வெளியீட்டாளர் ஆகியோருக்கும் அறிவிப்பு செல்லும் என்பதை 2003 நிகழ்வு காட்டியது. பிறர் எழுதியதை மொழிபெயர்த்து வெளியிட்டவரும் தப்பவில்லை.

பிற நாடுகளில்

இந்தியா எந்த மரபைப் பின்பற்றியதோ அந்த மரபின் தாயகத்தில் இவ்வதிகாரம் ஏறத்தாழ உறங்கிவிட்டது. பிரித்தானிய மக்களவை 1880 க்குப் பின் எவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. 1957 இல் சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜான் ஜூனர் அவையின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். அத்துடன் அது முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் 1955 இல், ஓர் உள்ளூர் இதழின் உரிமையாளர் ரேமண்ட் பிட்ஸ்பேட்ரிக்கும் இதழாளர் பிராங்க் பிரவுனும் நாடாளுமன்றத்தால் 90 நாள் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்நாடு 1987 இல் நாடாளுமன்ற உரிமைகள் சட்டத்தை இயற்றியது. அவையைப் பழித்து எழுதியதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க இயலாது என்றும், உச்ச அளவுச் சிறை ஆறு மாதம் என்றும் அச்சட்டம் வரையறுத்தது. சிறையிடும்போது காரணத்தை விவரமாக எழுத வேண்டும் என்றும் கூறியது. ஆனந்த விகடன் ஆசிரியர் சிறை சென்றதும் அதே 1987 ஆம் ஆண்டில்தான்.

இலங்கையில் 1953 ஆம் ஆண்டே நாடாளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. கடுமையான மீறல்களை விசாரிக்கும் பொறுப்பு உயர் நீதிமன்றத்திடம் விடப்பட்டது. 1978 ஆம் ஆண்டுத் திருத்தம் நாடாளுமன்றமே தண்டிக்க வழி செய்தது. 1997 இல் அவ்வழி அடைக்கப்பட்டது.

சட்டமாக்கக் கோரிக்கை

அவை உரிமைகளை எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை உலகின் பழைய கோரிக்கை. 1954 இல் அறிக்கை அளித்த முதல் பத்திரிகை ஆணையமும், 1982 இல் அறிக்கை அளித்த இரண்டாம் பத்திரிகை ஆணையமும் இதனையே பரிந்துரைத்தன. நீதிபதி எம். என். வெங்கடாசலையா தலைமையில் அரசியலமைப்பின் செயல்பாட்டை மீளாய்வு செய்த ஆணையம் 2002 இல் இதே கருத்தைத் தெரிவித்தது.

எதிர்த்தரப்பின் வாதமும் முற்றிலும் வலுவற்றது அன்று. புதிய வகை இடையூறுகள் தோன்றும்போது, எழுதப்பட்ட பட்டியல் அவையின் கையைக் கட்டிவிடும் என்கின்றனர். நீதிமன்றங்கள் அவையின் அன்றாட நடவடிக்கைகளில் நுழைய வழி ஏற்படும் என்றும் அஞ்சுகின்றனர். ஆனால் இவ்விரண்டுமே ஆஸ்திரேலியச் சட்டம் எதிர்கொண்ட கேள்விகள்தாம். அவை இருந்தும் அந்நாடு சட்டம் இயற்றியது. இந்தியாவில் இக்கோரிக்கையை ஆராய்ந்த மக்களவை உரிமைக் குழு, உரிமைகளைச் சட்டமாக்கத் தேவையில்லை என்று 2008 இல் அறிக்கை அளித்தது.